அண்ணையின் கையில் வந்து இறங்கிய பறவை

என் அண்ணை தொலைபேசியில் மூன்று நிமிடத்துக்கு மேல் கதைக்க மாட்டார். ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் காலையில் லண்டனிலிருந்து நான்தான் அழைப்பேன். "சுகமோ?" என்பார். "சாப்பிட்டியோ?" என்பார். அங்கே பனி எப்படி என்று கேட்டால், "கிடக்கு" என்பார். பிறகு ஒரு சின்ன இருமல். "சரி பிள்ளை, வைக்கிறன்." முப்பது வருடத்துக்கு மேலாக எங்கள் இருவருக்கும் இடையில் இவ்வளவுதான் பேச்சு.

அண்ணை இருப்பது நோர்வேயின் வடகோடியில். அகதியாகப் போய் இறங்கியபோது, கடலோர ஊர் ஒன்றின் தொழிற்சாலையில் மீன் வெட்டும் வேலை கிடைத்தது. அப்போது அங்கே அவரைப் போல நிறையத் தமிழர்கள் இருந்தார்கள். தொழிற்சாலை மூடப்பட்டதும் எல்லோரும் தெற்கே ஒஸ்லோவுக்குப் போனார்கள். அண்ணை மட்டும் கடலை விட்டு உள்ளுக்கு, பைன் காட்டோரம் இருக்கும் ஒரு சின்ன ஊருக்குப் போனார். பள்ளிக்கூடத்தில் பராமரிப்பு வேலை. கல்யாணம் கட்டவில்லை. லண்டனுக்கு வரச் சொல்லிக் கேட்டால், "அங்க சனம் கூட" என்று முடித்துவிடுவார்.

நான் கிங்ஸ்பரியில் இருக்கிறேன். ஹரோவில் ஒரு பல் வைத்தியசாலையில் வரவேற்பு மேசையில் வேலை. கொரோனாக் காலத்தில் வீட்டுக்குள் அடைபட்டிருந்தபோது, ஒரு நாளைக்கு ஒருமுறை வெளியே நடக்கலாம் என்று அரசாங்கம் சொன்னதல்லவா, அப்போதுதான் எங்கள் வீட்டுக்குப் பின்னால் இப்படியொரு பெரிய பூங்கா இருப்பதையே நான் கவனித்தேன். இருபது வருடம் அதைச் சுற்றி பஸ்ஸில் போய் வந்திருக்கிறேன். உள்ளே கால் வைத்ததில்லை. அங்கே ஒரு ஒக்டோபர் காலையில், ஓக் மரத்தடியில், புறாவைவிடக் கொஞ்சம் சிறிய ஒரு பறவையைக் கண்டேன். உடம்பு இளஞ்சிவப்பும் மண்ணிறமும் கலந்தது. சிறகோரத்தில் பளீரென்று ஒரு நீலத் துண்டு, யாரோ சேலைக் கரையிலிருந்து வெட்டி ஒட்டியதைப் போல. அது ஓக் விதைகளை ஒவ்வொன்றாகத் தொண்டைக்குள் அடைத்து, பறந்துபோய், மண்ணைக் கிளறிப் புதைத்து, மேலே ஒரு இலையையும் இழுத்து மூடிவிட்டுச் சுற்றுமுற்றும் பார்த்தது. நான் வாய்விட்டுச் சிரித்துவிட்டேன். பிறகுதான் அதன் பெயர் ஜே என்று தெரிந்தது. காகக் குடும்பம் என்றும் தெரிந்தது.

அன்றைக்குப் பிடித்த பைத்தியம். அந்தப் பூங்காவில் சனிக்கிழமைதோறும் பறவை பார்க்கும் கூட்டம் ஒன்று நடக்கிறது. பத்துப் பேர் வருவார்கள். அதில் நான் ஒருத்திதான் தமிழ். கூட்டத்தை நடத்துபவர் ஓய்வு பெற்ற ஒரு தபால்காரர். எழுபத்தைந்து வயதிருக்கும், நெட்டை மனிதர், ஆங்கிலேயர். கண்ட பறவை ஒவ்வொன்றையும் ஒரு கொப்பியில் எழுதி வைப்பவர். அவருடைய பட்டியலில் ஏற எந்தப் பறவையானாலும் அவருடைய சொந்தக் கண்ணால், திறந்த வெளியில் பார்த்திருக்க வேண்டும். கூண்டுப் பறவை சேராது. சத்தம் மட்டும் கேட்டால் சேராது.

போன வருடத்துக்கு முந்திய இலையுதிர் காலத்தில், ஒரு ஜேயைப் பார்த்துக்கொண்டு நின்றபோது அவர் சொன்னார்: "இதற்கு வடக்கே ஒரு சின்னச் சொந்தக்காரன் இருக்கிறான். சைபீரிய ஜே. நீலம் கிடையாது. சாம்பலும் மண்ணிறமும், வால் மட்டும் துருப்பிடித்த இரும்பு மாதிரி. ஊசியிலைக் காடுகளில் குடும்பமாக வாழ்கிறான். சத்தமே போடமாட்டான். மனிதனுக்குப் பயப்படமாட்டான். கைக்கே வருவான் என்கிறார்கள்."

"நீங்கள் பார்த்திருக்கிறீர்களா?" என்று கேட்டேன்.

கூட்டத்திலிருந்த மற்றவர்கள் சிரித்தார்கள். அவர்களுக்குக் கதை தெரியும். மூன்று தரம் பின்லாந்துக்குப் போயிருக்கிறாராம். முதல் தரம் ஒரு கிழமையும் மழை. இரண்டாம் தரம், நனைந்த காலுறையை மாற்றுவதற்காக வாகனத்துக்குள் குனிந்த அரை நிமிடத்தில் கூடப் போன அத்தனை பேரும் பறவையைப் பார்த்துவிட்டார்கள். மூன்றாம் தரம் காய்ச்சலில் விடுதி அறையிலேயே படுத்திருந்தார். அறை யன்னலுக்கு மறுபக்கம் இரண்டு ஜே வந்து போனதாகச் சமையற்காரி பிறகு சொன்னாளாம்.

"நாலாம் தரம் போகவேண்டியதுதானே?" என்றேன்.

அவர் தொலைநோக்கியைத் துடைத்தபடி, "இனிமேல் போகமாட்டேன்" என்றார். திரும்பி நடக்கும்போது பக்கத்தில் வந்த ஒரு பெண்தான் காரணத்தைச் சொன்னார். தபால்காரரின் மனைவிக்குப் பக்கவாதம் வந்து நான்கு வருடம். பேச்சு மிகக் குறைவு. சனிக்கிழமை காலை இரண்டு மணித்தியாலம் பக்கத்து வீட்டுப் பெண் வந்து இருப்பார்; தபால்காரர் வெளியே வருவது அந்த இரண்டு மணித்தியாலம் மட்டும்தான்.

மறுநாள் ஞாயிறு. வெங்காயம் வெட்டிக்கொண்டே அண்ணைக்கு அழைத்தேன். சுகம், சாப்பாடு, பனி எல்லாம் முடிந்தது. இருமலும் வந்துவிட்டது. வைப்பதற்குள் அவசரமாகக் கேட்டேன்.

"அண்ணை, உங்கட காட்டில சின்னதா ஒரு பறவை இருக்காம். சாம்பல் நிறம், வால் மட்டும் துருப்பிடிச்ச மாதிரி. எப்பவாவது கண்டிருக்கிறீங்களோ?"

மறுமுனையில் நாற்காலி நகரும் சத்தம் கேட்டது. வைக்கத்தான் போகிறார் என்று நினைத்தேன்.

"ஓம்," என்றார். "இப்பவும் யன்னலுக்கு வெளியில நிக்கினம்."

"நிக்கினமோ? எத்தினை?"

"மூண்டு பேர். மொத்தம் ஐஞ்சு பேர் குடும்பம். மற்ற ரெண்டு பேரும் பிந்தித்தான் வருவினம்."

நான் கத்தியைப் போட்டுவிட்டுக் குசினிக்குள்ளேயே குதித்தேன். என் கணவர் என்னவோ ஏதோ என்று மாடியிலிருந்து ஓடி வந்தார்.

"அண்ணை! லண்டனில ஒருத்தர் அதைப் பாக்கிறதுக்கு மூண்டுதரம் பிளேன் ஏறிப் போய்ப் பாக்கேலாம வந்திருக்கிறார்! நீங்கள் யன்னலுக்கு வெளியில நிக்கினம் எண்டு சொல்லுறீங்கள்!"

"இதில என்ன கிடக்கு? ஒவ்வொரு நாளும் வருவினம். இஞ்சத்த ஆக்கள் லாவ்ஸ்கிரீக்க எண்டு சொல்லுவினம். போன கிழமை என்ர சொசேஜை அடுப்புச் சட்டிக்குள்ள இருந்தே தூக்கிக்கொண்டு போட்டுது, களவாணி."

அன்றைக்கு நாங்கள் இருபத்திரண்டு நிமிடம் கதைத்தோம். தொலைபேசித் திரையில் அந்த எண்ணைப் பார்த்துவிட்டுக் கணவரிடம் காட்டினேன். அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு இன்னொருமுறை பார்த்தார்.

அதற்குப் பிறகு வந்த குளிர்காலம் முழுக்க ஞாயிற்றுக்கிழமைகள் மாறிவிட்டன. அண்ணை எனக்கு அழைக்கத் தொடங்கினார்! அந்தக் குடும்பத்தில் யார் மூத்தது, யார் யாரை விரட்டுவது, கிடைத்த இறைச்சித் துண்டை எச்சில் பூசி மரப்பட்டைக்கு இடையில் எப்படி ஒட்டி வைப்பார்கள், அதைப் பார்த்துக்கொண்டிருந்த மற்றவர் எப்படிக் களவெடுப்பார் என்றெல்லாம் சொல்வார். ஒரு காலில் ஒரு விரல் இல்லாத பறவை ஒன்று இருந்தது. அதற்குத்தான் அவரிடம் செல்லம். படம் அனுப்பச் சொன்னேன். அனுப்பினார். கறுப்புக்குள் ஒரு சாம்பல் தீற்றல். மாதக்கணக்கில் சூரியனே எழும்பாத இடம். நடுப்பகலில் ஒரு மங்கல் வெளிச்சம், அவ்வளவுதான். அந்தத் தீற்றலைத் தபால்காரரிடம் காட்டினேன். அவர் என் தொலைபேசியைத் தூரத்தில் பிடித்தார், கிட்டப் பிடித்தார், தலைகீழாகவும் பிடித்தார்.

"இது ஒரு தொப்பியாகவும் இருக்கலாம்," என்றார் மிகுந்த மரியாதையோடு.

அப்போதுதான் எனக்கு அந்த எண்ணம் வந்தது. மாசி மாதம் சூரியன் திரும்பி வந்ததும், ஒரு சனிக்கிழமை, வீடியோ அழைப்பில் நேரடியாகக் காட்டினால் என்ன? அண்ணையிடம் கேட்டேன். முதலில் "எனக்கு உதெல்லாம் ஏலாது" என்றார். அடுத்த நாள் அவராகவே அழைத்து, "பத்துப் பேரும் வருவினமோ? நான் என்ன உடுப்புப் போடவேணும்?" என்று கேட்டார். என் அண்ணை! சனம் கூட என்று லண்டனுக்கு வராத மனிதர்!

அந்தச் சனிக்கிழமை பூங்கா வாகனத் தரிப்பிடத்தில் பத்துப் பேரும் என் கைபேசியைச் சுற்றி நெருங்கி நின்றோம். நான் எல்லோருக்கும் கிழங்கு அடைத்துச் சுருட்டிய ரோல்ஸ் பொரித்துக்கொண்டு போயிருந்தேன். அண்ணை திரையில் வந்தார். முகம் மட்டும் தெரிந்தது. புருவத்தில் பனி படிந்திருந்தது. பின்னால் வெள்ளைக் காடு. வெயில் பட்டுக் கண் கூசியது.

"குட் மோர்னிங்," என்றார் அண்ணை, பள்ளிக்கூடத்தில் மேடையேறின பிள்ளையின் குரலில்.

பத்துப் பேரும் ஒரே குரலில் திருப்பிச் சொன்னார்கள்.

"இருபத்தைஞ்சு மைனஸ்," என்று என்னிடம் தமிழில் சொன்னார். "வந்துகொண்டிருக்கினம், பொறு." கையுறையைக் கழற்றி, உள்ளங்கையில் சொசேஜ் துண்டுகளை வைத்து நீட்டினார். தூரத்து மரத்தில் ஏதோ அசைந்தது. "அங்க பார், மூத்தவர்" என்று அவர் சொல்லி முடிக்கவில்லை, திரை கறுத்துவிட்டது.

திரும்ப அழைத்தேன். இல்லை. இன்னும் ஆறு தரம் அழைத்தேன். கடுங்குளிரில் அவருடைய தொலைபேசியின் பட்டரி செத்துவிட்டது. எங்களுக்குக் கிடைத்தது அசைந்த ஒரு கிளை மட்டும்தான். தபால்காரர் என் தோளில் தட்டி, "கிளை நன்றாக இருந்தது" என்றார். அன்றைக்கு யாரும் ரோல்ஸை ருசித்துச் சாப்பிட்டதாக எனக்கு ஞாபகமில்லை.

பின்னேரம் அண்ணையே அழைத்தார். "என்னால எல்லாருக்கும் வெக்கக்கேடு," என்றார்.

"ஒருதரும் அப்பிடி நினைக்கேல்லை அண்ணை. பட்டரிதானே."

"சரி பிள்ளை, வைக்கிறன்."

மறுநாள் ஞாயிறு நான் அழைத்தபோது எடுக்கவில்லை. திங்கள் எடுக்கவில்லை. செவ்வாய் "வேலை கூட" என்று இரண்டு சொல்லில் ஒரு செய்தி. அடுத்த ஞாயிறும் எடுக்கவில்லை. ஒரு பறவைக்காக அவரைப் பத்துப் பேருக்கு முன்னால் நிறுத்திவிட்டேனே என்று என்னையே நொந்துகொண்டேன். பழைய மூன்று நிமிடமும் இனி இல்லாமல் போய்விடுமோ என்று பயந்தேன்.

அதற்கடுத்த புதன்கிழமை காலை எட்டே கால் மணி இருக்கும். வேலைக்குப் போக 183 பஸ்ஸின் மேல்தட்டில் இருந்தேன். பள்ளிக்கூடச் சனத்தில் பஸ் நிரம்பியிருந்தது. தொலைபேசி அடித்தது. வீடியோ அழைப்பு. அண்ணை.

"பிள்ளை! வந்திட்டினம்! ஐஞ்சு பேரும் வந்திட்டினம்! வெயில் வடிவா இருக்கு! கெதியா அந்த மனிசனைக் கூப்பிடு!"

"அண்ணை, நான் பஸ்ஸுக்குள்ள! இண்டைக்குப் புதன்கிழமை! உங்களுக்கு வேலை இல்லையே?"

"பள்ளிக்கூடம் லீவு. போன் ரெண்டு வாங்கி வைச்சிருக்கிறன். ஒண்டு சட்டைக்குள்ள சூடா இருக்கு. சுடுதண்ணிப் பையும் கட்டியிருக்கிறன். ஒரு கிழமையா ஒவ்வொரு நாளும் செய்து பாத்தனான், இப்ப ஒரு மணித்தியாலம் நிக்குது. அவர் எங்க?"

அந்த ஒன்றரைக் கிழமை அவர் கோபித்துக்கொண்டு இருக்கவில்லை! ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்தார்!

தபால்காரரிடம் வீடியோ பார்க்கக்கூடிய தொலைபேசி கிடையாது. பொத்தான் வைத்த பழையது ஒன்றுதான். ஆனால் அவருடைய வீடு கென்டனில், அதே பஸ் பாதையில், இன்னும் இரண்டு தரிப்பு தள்ளி இருந்தது. ஒருமுறை கொழுக்கட்டை கொண்டுபோய்க் கொடுத்திருக்கிறேன்.

"அண்ணை, பத்து நிமிசம்! அவையைப் போகவிடாதேங்கோ!"

"எப்பிடிப் பிடிச்சு வைக்கிறது? சொசேஜ் நாலுதான் கிடக்கு!"

"சின்னச் சின்னனா வெட்டுங்கோ!"

பஸ்ஸோ சிவப்பு விளக்கில் நின்றது. பிறகு இன்னொரு சிவப்பு விளக்கு. நான் படியிறங்கிச் சாரதிக்குப் பின்னால் போய் நின்றேன். என் கையில் இருந்த திரையில் அண்ணையின் கை மட்டும் தெரிந்தது. கடுகு அளவுக்கு சொசேஜ் நறுக்கிக்கொண்டிருந்தார். பக்கத்தில் நின்ற ஒரு பெண்மணி எட்டிப் பார்த்து, "சமையல் நிகழ்ச்சியா?" என்று கேட்டார். கதவு திறந்ததும் ஓடினேன். ஐம்பத்து நாலு வயது, வேலைக்குப் போடும் சப்பாத்து, தோளில் சாப்பாட்டுப் பை. கையிலிருந்து அண்ணையின் குரல் வந்துகொண்டே இருந்தது: "விரல் இல்லாதவர் வந்திட்டார். மூண்டாவது சொசேஜ் முடியுது. பிள்ளை, எங்க நிக்கிறாய்? ஏன் இப்பிடி மூச்சு வாங்குது? விழுந்திடாதை!"

கதவைத் தட்டினேன் என்று சொல்ல முடியாது, இடித்தேன். தபால்காரர் இரவுச் சட்டையும் செருப்புமாகத் திறந்தார். ஒரு கையில் கஞ்சிக் கிண்ணம் இருந்தது. மனைவிக்கு ஊட்டிக்கொண்டிருந்திருக்கிறார்.

"வந்திருக்கிறார்கள்," என்றேன். ஆங்கிலத்தில் வேறெதுவும் வாயில் வரவில்லை.

அவர் கிண்ணத்தைப் படிக்கட்டில் வைத்துவிட்டு உள்ளே நடந்தார். நான் பின்னால் போனேன். அவருடைய மனைவி யன்னலோரச் சாய்வு நாற்காலியில், மடியில் கம்பளியோடு இருந்தார். நான் தொலைபேசியைப் பக்கத்துச் சின்ன மேசையிலிருந்த தேநீர்க் கோப்பைமேல் சாய்த்து வைத்து, "அண்ணை, இப்ப!" என்றேன்.

திரையில் ஒரு கை. வெறும் கை, குளிரில் சிவந்து. அதற்குப் பின்னால் பனி தாங்கிய பைன் கிளை. ஒரு கணம் ஒன்றுமில்லை. பிறகு கிளையிலிருந்து ஏதோ ஒன்று, சிறகடிக்கும் சத்தம்கூட இல்லாமல், காற்றில் வழுக்கிக்கொண்டு இறங்கி அந்தக் கையில் நின்றது.

மைனா அளவுதான். பஞ்சை அடைத்த மாதிரிப் பொம்மென்ற உடம்பு. தலையில் கடும் மண்ணிறத் தொப்பி. கறுப்புக் கண். அது வாலை ஒருமுறை விரித்தது. வெயில் அந்தத் துரு நிறத்துக்குள்ளே புகுந்து மறுபக்கம் வந்தது. தபால்காரர் தரையில் முழங்காலிட்டு, திரைக்கு ஒரு சாண் தூரத்தில் முகத்தை வைத்துக்கொண்டிருந்தார். மூச்சில் திரை மங்கியது. சட்டைக் கையால் துடைத்தார். பிறகு இன்னொன்று வந்தது. அது அண்ணையின் தொப்பிமேல் இறங்கி, அவருடைய புருவத்தைக் கொத்திப் பார்த்தது.

"டேய், அது சொசேஜ் இல்லை," என்றார் அண்ணை.

தபால்காரர் சிரித்த சிரிப்பில் மேசை ஆடியது. "ஒரு கேள்வி கேட்கலாமா?" என்றார் என்னிடம். "எப்படி இவ்வளவு பழக்கம் வந்தது? இவர்தான் முதலில் உணவு வைத்தாரா?"

நான் தமிழில் கேட்டேன். அண்ணை குனிந்து தன் கையைப் பார்த்தார். பறவை கையிலேயே இருந்தது.

"அப்பா செத்த வருசம் எனக்குப் போக வழியில்லைத்தானே," என்றார். "ஊரில சண்டை, பாதை பூட்டிக் கிடந்தது, எனக்கு விசாவும் இல்லை. அடுத்த வருசம் திவசத்துக்கு இஞ்ச தனியச் சமைச்சன். சோறு, பருப்பு, உருளைக்கிழங்குக் கறி. இலை இல்லை, கடதாசித் தட்டிலதான் படைச்சன். வெளியில கொண்டுவந்து வைச்சிட்டு, காகம் வரட்டுமெண்டு கூப்பிட்டன். கா, கா எண்டு. அண்டைக்குச் சரியான குளிர். காகம் ஒண்டும் வரேல்லை. அரை மணித்தியாலம் நிண்டு கூப்பிட்டன் பிள்ளை. அப்பத்தான் இது வந்தது. சத்தமில்லாம வந்து, தட்டில இருந்து பருப்பும் சோறும் எடுத்தது. அப்பாதானெண்டு நான் சொல்லேல்லை. ஆனா அண்டைக்கு வேற ஒருதரும் வரேல்லை."

இதை அவர் எனக்கு ஒருநாளும் சொன்னதில்லை. அந்தத் திவசத்தன்று நானும் லண்டனில் சமைத்தேன்; நானும் அவரும் தொலைபேசியில் அதே மூன்று நிமிடம் கதைத்தோம். தபால்காரர் என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் மொழிபெயர்க்க வேண்டும். இறந்தவர்களுக்குப் படைத்த சோற்றை முதலில் காகத்துக்கு வைப்போம் என்பதிலிருந்து தொடங்கி, தடுக்கித் தடுக்கி, கன்னத்தைத் துடைத்துத் துடைத்து, முழுவதையும் ஆங்கிலத்தில் சொன்னேன்.

"இந்தப் பறவையின் லத்தீன் பெயருக்குத் துரதிர்ஷ்டம் பிடித்தது என்று அர்த்தம்," என்றார் தபால்காரர் மெதுவாக. "அதைக் கண்டால் கெட்டது நடக்கும் என்று யாரோ ஒரு காலத்தில் நினைத்தார்கள். உங்கள் அண்ணனிடம் சொல்லுங்கள், பெயர் வைத்தவனுக்கு ஒன்றும் தெரியாது."

சொன்னேன். அண்ணை முதல்தடவையாக நேராகக் கமராவைப் பார்த்து, "தாங்க் யூ, சேர்" என்றார். பிறகு தமிழில், "பிள்ளை, சொசேஜ் முடிஞ்சுது. இனி நிக்கமாட்டினம்" என்றார்.

அப்போது நாற்காலியிலிருந்து ஒரு சத்தம் வந்தது. தபால்காரரின் மனைவி. அவர் திரையைத்தான் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார். நாங்கள் இருவரும் கவனிக்கவில்லை. நல்ல கையில், காலைத் தேநீரோடு கொடுத்த பிஸ்கட் இருந்தது. அதைத் திரையை நோக்கி நீட்டினார்.

"இதைக் கொடு," என்றார், தெளிவாக.

தபால்காரர் அவரைத் திரும்பிப் பார்த்தார். பல மாதமாக மனைவி இரண்டு சொல்லைச் சேர்த்துச் சொன்னதில்லை என்று பிறகுதான் எனக்குச் சொன்னார்கள். அந்த நேரத்தில் தபால்காரர் அழவில்லை, கட்டிப்பிடிக்கவில்லை. அதே முழங்காலில் நின்றபடி, "பிஸ்கட் அவனுக்கு நல்லதில்லை, கண்ணே. ஆனால் அவனுடைய ஆளிடம் இன்னொரு சொசேஜ் இருக்கிறதா என்று கேட்கிறேன்" என்றார். நான் கேட்டேன். அண்ணை தொலைபேசியைப் பனியில் நட்டு வைத்துவிட்டு வீட்டுக்குள் ஓடினார். எங்களுக்குத் திரை நிறைய நீல வானமும், நடுவில் வந்து எட்டிப் பார்த்த ஒரு சின்ன அலகும் கிடைத்தன. தபால்காரரின் மனைவி அதைப் பார்த்துச் சிரித்தார்.

வேலைக்கு ஒரு மணித்தியாலத்துக்கு மேல் பிந்திப் போனேன். உண்மையைச் சொன்னேன். எங்கள் பல் வைத்தியர் நம்பவில்லை. பஸ் பிந்திவிட்டது என்று சொல்லியிருந்தாலே பரவாயில்லை என்றார். பதிவு செய்திருந்த அரை நிமிடக் காட்சியைக் காட்டினேன். பல் பிடுங்க வந்து வாயைப் பொத்திக்கொண்டிருந்த ஒருவரும் எழும்பி வந்து பார்த்தார்.

அடுத்த சனிக்கிழமை தபால்காரரிடம், "கொப்பியில் எழுதினீர்களா?" என்று கேட்டேன்.

அவர் பதறிவிட்டார். "எப்படி எழுதுவது? தொலைபேசியில் பார்த்தது சேராது! விதி விதிதான்." பிறகு நடந்துகொண்டே, "ஆனால் நான்காம் தரம் போய் வந்தேன் என்று எல்லோருக்கும் சொல்லிக்கொண்டிருக்கிறேன்" என்றார்.

இந்த வருடம் பங்குனியில் நானும் கணவரும் அண்ணையிடம் போனோம். முப்பது வருடத்தில் முதல் தடவை. விமானம், இன்னொரு விமானம், பிறகு பஸ். அண்ணை பஸ் தரிப்பிடத்தில் நின்றார். பையை வாங்குவதற்கு முதலே, "கூடு கட்டத் தொடங்கீட்டினம், பனிக்குள்ளயே கட்டுவினம், நாளைக்குக் காட்டுறன், ஆனா கிட்டப் போகக்கூடாது, தூர நிண்டுதான்" என்று மூச்சுவிடாமல் சொல்லிக்கொண்டு போனார். கணவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். இவர்தானா அவர் என்று கேட்கிற பார்வை.

மறுநாள் காலை மூவரும் வீட்டுக்குப் பின்னால் மரங்களுக்கு நடுவில் நின்றோம். பனி முழங்கால் வரை. நான் கையுறையைக் கழற்றி, காலையில் வெண்ணெய் பூசிச் சாப்பிட்ட பாணில் ஒரு துண்டோடு கையை நீட்டினேன். விரல்கள் குளிரில் எரிந்தன. அது வந்தது. எப்படி வந்தது என்று எனக்குத் தெரியாது. இல்லாத இடத்தில் இருந்தது. பாரமே இல்லை, ஒரு சின்ன உருளைக்கிழங்கு அளவுகூட இல்லை. நகங்கள் மட்டும் விரலைச் சுற்றி இறுக்கிப் பிடித்தன. அதன் நெஞ்சுப் பஞ்சு காற்றில் பிரிந்து மூடியது. எனக்குக் கத்தவேண்டும் போலிருந்தது. கத்தினால் போய்விடுமே என்று உதட்டைக் கடித்துக்கொண்டு நின்றேன். அது பாண் துண்டைத் தூக்கிக்கொண்டு எழும்பி, என் கணவரின் முதுகுப் பக்கம் போய், அவருடைய குளிர்ச்சட்டையில் மடிந்து தொங்கிய தொப்பிக்குள் துண்டைச் செருகி, அலகால் இரண்டு தட்டுத் தட்டி அமுக்கிவிட்டுப் பறந்தது.

"இஞ்சாரும்," என்றார் கணவர் உதட்டை அசைக்காமல், "பின்னால என்ன நடக்குது?"

"அசையாதேங்கோ! சாப்பாடு ஒளிச்சு வைக்குது!"

"எனக்குள்ளயோ?"

அண்ணை வயிற்றைப் பிடித்துக்கொண்டு பனிக்குள் குந்திவிட்டார். மேலே கிளையிலிருந்து இன்னும் இரண்டு, அடுத்தடுத்து, அந்தத் தொப்பியைக் குறிவைத்து இறங்கிக்கொண்டிருந்தன.